முதலில் பிரேக், அப்புறம் இன்ஜின்

திருமானூர் ஷெட்டுக்கு நேரில் வந்து கேட்டவை பாதி, கடிதத்தில் வந்தவை பாதி. ஊர்ப் பெயர் மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: அண்ணே, தாத்தாவின் மாருதி 800-ஐ வீட்டிலேயே பிரித்துக் கட்டப்போகிறேன். இன்ஜினில் ஆரம்பிக்கவா, பிரேக்கில் ஆரம்பிக்கவா?
(கல்லூரி மாணவர், கீழப்பழுவூர்)

பிரேக்கில். இன்ஜின் ஓடாவிட்டால் வண்டி உன் வாசலில் நிற்கும். பிரேக் பிடிக்காவிட்டால் அடுத்தவர் வாசலில் போய் நிற்கும்.

கேள்வி: ஜப்பான் கார் என்றாலே வீடியோக்களில் ஸ்கைலைன், சுப்ரா என்று காட்டுகிறார்கள். நம் பக்கம் ஒன்றுகூடக் கண்ணில் படுவதில்லையே?
(ஏலாக்குறிச்சி)

ஓட்டிய காரை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர இங்கே கெடுபிடி அதிகம். கட்டவேண்டிய வரி காரின் விலையையே தாண்டிவிடும். இலங்கைக்கோ ஜப்பானில் ஓடிய கார்கள் பல காலமாகக் கப்பலேறி வந்திருக்கின்றன.

ஆனால் நம்மிடம் ஜப்பான் கார் இல்லை என்று யார் சொன்னது? 1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி முதல் சாவியைக் கொடுத்தாரே, அந்த மாருதியின் நெஞ்சுக்கூட்டில் துடித்தது சுசுகியின் எஃப்8பி இன்ஜின். மூன்று சிலிண்டர், 796 சிசி. ஜிப்ஸி, ஜென், எஸ்டீம் எல்லாம் அதே வீட்டுப் பிள்ளைகள். 1998 முதல் மிட்சுபிஷி லான்சர் நம் திருவள்ளூரிலேயே தயாரானது. நம் பையன்கள் கைவைத்துத் தொழில் பழகிய ஜப்பான் கார்கள் இவைதான். 800-இன் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. சாமான் மட்டும் இன்னும் கிடைக்கிறது. பழகுவதற்கு இதைவிட நல்ல வண்டி எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: என் 800-க்கு ஜென் காரின் முன் பிரேக்கைத் தூக்கிப் போட்டேன். இப்போது பெடல் முன்பைவிடக் கீழே இறங்குகிறது. ஏர் எடுத்துப் பார்த்துவிட்டேன், சரியாகவில்லை. ஏன்?
(அரியலூர்)

ஏர் இல்லை தம்பி, கணக்கு. பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் இத்தனை எண்ணெய் என்று ஓர் அளவைத் தள்ளுகிறது. அந்த எண்ணெய்தான் காலிப்பர் பிஸ்டனை நகர்த்துகிறது. பழைய பிஸ்டன் 48 மி.மீ., புதியது 54 மி.மீ. என்று வைத்துக்கொள். விட்டத்தில் வித்தியாசம் 6 மி.மீ.தான், பரப்பில் கால் பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. அதே தூரம் நகர அதற்குக் கால் பங்கு எண்ணெய் கூடுதலாக வேண்டும். மாஸ்டர் சிலிண்டர் பழையதே என்றால் அந்த எண்ணெய்க்கு உன் கால்தான் கூடுதலாக இறங்கவேண்டும். சின்னச் சொம்பை வைத்துப் பெரிய அண்டாவை நிரப்புவது போல.

மாஸ்டர் சிலிண்டரையும் பெரிதாக்கினால் பெடல் மேலே வரும். ஆனால் கால் கனக்கும், ஏனென்றால் அதே மிதிக்கு அழுத்தம் குறையும். அந்தக் கனத்தைச் சுமக்கத்தான் பூஸ்டர். ஆகவே காலிப்பர், மாஸ்டர், பூஸ்டர் மூன்றும் ஒரே வண்டியிலிருந்து ஒரே குடும்பமாக வரவேண்டும். ஒன்றை மட்டும் பிரித்துக் கொண்டுவந்தால் இப்படித்தான் சண்டை வரும்.

இன்னொன்று, 800-இன் ரிம் 12 இன்ச், ஜென்னுக்கு 13. பெரிய டிஸ்க்கைப் போட்டுவிட்டுப் பழைய ரிம்மை மாட்டினால் காலிப்பர் ரிம்மின் உள்பக்கத்தில் உரசுகிறதா என்று கையால் சுற்றிப் பார். நின்ற இடத்தில் ஒரு நூலிழை இடைவெளி தெரிந்தால் போதாது. சூட்டில் அதுவும் காணாமல் போகும்.

கேள்வி: பெரிய டிஸ்க் போட்டால் வண்டி சீக்கிரம் நிற்குமா?
(பெரம்பலூர்)

சக்கரத்தை நிறுத்துவது பிரேக். வண்டியை நிறுத்துவது டயர். டயர் வழுக்கையாக இருந்தால் டிஸ்க் எவ்வளவு பெரிதாக இருந்தும் பயனில்லை.

பெரிய டிஸ்க்கின் உண்மையான லாபம் சூட்டில்தான். ஒரு 800-இன் எடை சுமார் 650 கிலோ. நான்கு பேர் ஏறினால் 900-ஐத் தொடும். 80 கி.மீ. வேகத்தில் அதை ஓங்கி மிதித்து நிறுத்தினால், மூன்று விநாடிக்குள் ஏறத்தாழ 220 கிலோஜூல் சூடு பிரேக்கில் இறங்குகிறது. முக்கால் லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமான சூடு. 100 கி.மீ. வேகம் என்றால் ஒரு லிட்டருக்கும் மேல். வேகம் கால் பங்கு கூடினால் சூடு பாதிக்கு மேல் கூடுகிறது, பார். அரியலூர் ரோட்டில் சிமென்ட் லாரிக்குப் பின்னால் மிதித்து மிதித்துப் போகும்போது அந்தச் சூடு ஆற நேரமே கிடைப்பதில்லை. பெரிய டிஸ்க் அதை வாங்கி வைத்து ஆற்றுகிறது. முதல் மிதி ஒன்றுபோலத்தான் இருக்கும், பத்தாவது மிதியில் வித்தியாசம் தெரியும்.

கேள்வி: பின் சக்கரத்திலும் டிஸ்க் போட்டால் பார்க்க அழகாக இருக்குமே?
(அதே வாசகர்)

பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்கிறது, பின்பக்கம் இலேசாகிறது. பின் பிரேக் முன்னதைவிட முந்திப் பிடித்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி பம்பரமாய்ச் சுழலும். பின்னால் டிரம் வைத்ததும், பின்பக்க அழுத்தத்தைக் குறைக்க வால்வு வைத்ததும் காசு மிச்சம் பிடிக்க மட்டும் அல்ல. அந்தக் கணக்கைப் போட உன்னிடம் கருவி இல்லையென்றால் டிரம்மையே சுத்தம் செய்து, புது ஷூ போட்டு, அட்ஜஸ்ட் செய்து வை. நன்றாகச் சேர்த்த டிரம் எனக்கு அழகாகத்தான் தெரிகிறது.

கேள்வி: பிரேக் ஆயில் குறையவே இல்லை. எதற்கு மாற்றவேண்டும்?
(திருமழபாடி)

குறையவில்லை, ஆனால் தண்ணீர் குடித்திருக்கிறது. பிரேக் ஃப்ளூயிட் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். கொள்ளிடக்கரைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக்கூடாது என்பது விதி. ஈரம் ஏறியபின் அது 140 வரை இறங்கலாம். டாட் 4-க்கு அது 230, 155. கொதித்தால் குழாய்க்குள் ஆவி வரும். ஆவி அமுங்கும், பெடல் தரையில் போய் ஒட்டும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்று. திறந்து வைத்த பழைய டப்பாவை ஊற்றாதே. டாட் 5 என்பது சிலிக்கான் வகை, மற்றதோடு சேராது. பெயரில் 5.1 என்று இருப்பது வேறு, அது 4-இன் உறவு.

கேள்வி: பிரேக் டிரம்மைக் கழற்றியதும் கம்ப்ரசர் காற்றடித்துத் தூசியை ஊதலாமா?
(செந்துறை)

கூடாது. பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கலாம். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. ஈரத்துணியால் துடை, மாஸ்க் போட்டுக்கொள், துணியைக் கவரில் கட்டிப் போடு. பக்கத்தில் விளையாடும் பிள்ளையை முதலில் வீட்டுக்குள் அனுப்பு.

கேள்வி: வண்டியைத் தூக்கி நிறுத்த ஹாலோ பிளாக் போதுமா? எங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமே இல்லை.
(அரியலூர்)

ஒரு தடவை நானும் வைத்தேன். ஜாக்கை எடுத்துவிட்டு, இரண்டு பிளாக் மேல் வண்டியை நிறுத்தி, அடியில் படுத்து சைலன்சர் நட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். 14-ஆம் நம்பர் ஸ்பேனர் எடுக்க எழுந்து வெளியே வந்தேன். ஸ்பேனர் கையில் வருவதற்குள் பிளாக் பொடிந்து வண்டி உட்கார்ந்துவிட்டது. விரிசல் சத்தம்கூடக் கேட்கவில்லை. இதை எழுதும்போது இப்போதும் உள்ளங்கை வியர்க்கிறது.

ஹாலோ பிளாக் சுவராய் நிற்க வார்த்தது. ஒரு புள்ளியில் இரும்பு முனை குத்தினால் பொடியும். ஹைட்ராலிக் ஜாக்கும் தூக்குவதற்குத்தான், தாங்குவதற்கு அல்ல. அதன் உள்ளே இருக்கும் ஒரு சின்ன ரப்பர் சீல் தேய்ந்தால் இறங்கிவிடும். இரும்பு ஸ்டாண்ட் இரண்டு வாங்கு. அதற்குப் பணம் சேரும்வரை அடியில் படுக்கும் வேலையைத் தள்ளிப்போடு. ஸ்டாண்ட் வைத்தபின்னும், கழற்றிய சக்கரத்தை வண்டியின் அடியில் படுக்கவைத்துவிட்டு வேலை பார். எல்லாம் கைவிட்டாலும் அது உன் மார்புக்கு இடம் வைக்கும்.

கேள்வி: சைலன்சரில் நீலப்புகை. இன்ஜினை இறக்கவேண்டுமா?
(தா.பழூர்)

நீலம் ஆயில், வெள்ளை தண்ணீர், கறுப்பு பெட்ரோல். நீலம் எப்போது வருகிறது என்று பார். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ஒரு மூச்சு வந்து நின்றுவிட்டால் வால்வு சீலாக இருக்கும், ஹெட்டோடு வேலை முடியலாம். ஆக்சிலேட்டரை அழுத்தும்போதெல்லாம் தொடர்ந்து வந்தால் ரிங்கோ போரோ தேய்ந்திருக்கிறது. கம்ப்ரஷன் அளந்து பார். அளவு குறைந்த சிலிண்டரில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி அள. ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. இறக்குவதற்கு முன் செய்யும் இந்த அரைமணி நேர வேலை, இறக்கியபின் செய்யும் ஒரு வார வேலையை மிச்சப்படுத்தும்.

கேள்வி: 800 இன்ஜினை வீட்டிலேயே முழுசாகக் கட்டமுடியுமா? எதை நான் செய்யலாம், எதை லேத்துக்குக் கொடுக்கவேண்டும்?
(கீழப்பழுவூர் மாணவர், மறுபடியும்)

பிரிப்பதும், கழுவுவதும், அளப்பதும், சேர்ப்பதும் உன் வேலை. சிலிண்டர் போர் போடுவது, கிராங்க் கிரைண்டிங், ஹெட் ஸ்கிம்மிங் மூன்றும் லேத்துக்காரர் வேலை. தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ தூக்கிக்கொண்டு போகத்தான் வேண்டும்.

பிரிக்கும்போது முட்டை அட்டை நான்கைந்து வாங்கி வை. ஒவ்வொரு குழியிலும் எந்த சிலிண்டர், எந்தப் பக்கம் என்று எழுதிப் போடு. கனெக்டிங் ராடின் மூடியும் ராடும் சேர்த்து வைத்துக் கடைந்தவை. ஒன்றின் மூடியை இன்னொன்றுக்குப் போட்டாலோ திருப்பிப் போட்டாலோ பேரிங் கிராங்கைக் கவ்விப் பிடிக்கும். மூன்றே சிலிண்டர்தானே, ஞாபகம் இருக்கும் என்று நினைக்காதே. நடுவில் ஒரு கல்யாணம் வரும், ஒரு வாரம் போகும், ஞாபகம் அதோடு போகும்.

எஃப்8பி போரின் அளவு 68.5 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 72. தேய்ந்திருந்தால் 0.25 அல்லது 0.50 ஓவர் சைஸ் பிஸ்டன் வாங்கு. முக்கியமான விஷயம்: பிஸ்டனை முதலில் வாங்கி, அதைக் கையில் கொண்டுபோய் லேத்தில் கொடுத்து, அதை அளந்து போர் போடச் சொல். பெட்டியில் எழுதிய அளவை நம்பிப் போர் போடக்கூடாது. 0.50 போட்டால் சிசி எவ்வளவு கூடும் என்று பையன்கள் ஆசையாய்க் கேட்பார்கள். 796 என்பது 808 ஆகும், அவ்வளவுதான். அதை பவருக்காகப் போடுவதில்லை, தேய்ந்த உருளையை மறுபடி வட்டமாக்கப் போடுகிறோம்.

புது ரிங்கை அப்படியே பிஸ்டனில் மாட்டாதே. தனியாகச் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனின் தலையால் சமமாகத் தள்ளி, அதன் இரு முனைக்கும் நடுவில் ஃபீலர் கேஜ் விட்டுப் பார். ரிங் சூட்டில் நீளும். இடம் இல்லையென்றால் முனைகள் முட்டிக்கொண்டு போரைக் கீறும், இல்லை உடையும். வண்டியின் கையேட்டில் அந்த அளவு இருக்கிறது. கையேடு இல்லாமல் இன்ஜினைத் திறக்காதே. ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே, மூன்று நான்கு சுற்றாக, டார்க் ரெஞ்சில் இறுக்கு. கை மதிப்பு எல்லாருக்கும் உண்டு. அந்த மதிப்பு காலையில் ஒன்றாகவும் சாப்பிட்டபின் வேறாகவும் இருக்கும்.

பிஸ்டனும் பிரேக்கும் நம்மூர்க்காரர்களுக்குப் புதிதல்ல, இதையும் சொல்லிவிடுகிறேன். சென்னை செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் 1949-இலும், பாடியில் பிரேக்ஸ் இந்தியா 1962-இலும் தொடங்கின. உன் கையில் இருக்கும் சாமானை வார்த்தவர் இருநூறு மைலுக்குள்தான் இருக்கிறார் என்று நினைத்துக்கொள்ள எனக்குப் பிடிக்கும்.

கேள்வி: எந்த மாதம் இன்ஜின் திறக்கலாம்?
(விக்கிரமங்கலம்)

ஆடியில் வேண்டாம். நாள் பார்த்துச் சொல்லவில்லை, காற்றைப் பார்த்துச் சொல்கிறேன். ஆடிக்காற்று சுண்ணாம்புக்கல் தூசியை அள்ளிக்கொண்டு வரும் ஊர் நம்முடையது. அதில் ஒரு சிட்டிகை புது பேரிங்கில் ஒட்டினால் அது பேரிங் இல்லை, உப்புத்தாள். மற்ற மாதங்களிலும் திறந்த இன்ஜினைப் பாலிதீன் போட்டு மூடிவிட்டுத்தான் டீ குடிக்கப் போகவேண்டும்.

கேள்வி: அண்ணை, எங்கட அப்பா சண்டைக் காலத்திலை பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயிலை கார் ஓடின கதை சொல்லுவார். என்ர டொயோட்டாவுக்கும் விட்டுப் பார்க்கலாமோ?
(யாழ்ப்பாணம்)

உங்கள் அப்பாவின் தலைமுறையை நினைத்தால் எனக்குக் கை எடுத்துக் கும்பிடத் தோன்றும். பொருளாதாரத் தடை இறுகிய நாளில் பழைய ஆஸ்டினையும் மோரிஸையும் துளி பெட்ரோலில் உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் ஓட்டி நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அந்த இன்ஜின்களின் கம்ப்ரஷன் குறைவு, அதனால் பொறுத்துக்கொண்டன. உங்கள் டொயோட்டாவின் கம்ப்ரஷன் அதிகம். மண்ணெண்ணெய் அதில் நேரத்துக்கு முன்பே வெடித்து பிஸ்டனைத் தட்டும். எரியாத மிச்சம் ரிங் வழியே இறங்கி ஆயிலைத் தண்ணீராக்கும். கதையை அப்பாவிடம் முழுசாகக் கேட்டு எழுதி வையுங்கள். டாங்கில் பெட்ரோலே இருக்கட்டும்.

கேள்வி: ரேஸ் கேம் ஷாஃப்ட் போட்டபின் பிரேக் பெடல் கல்லாகிவிட்டது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?
(திருச்சி)

நேர்ச் சம்பந்தம். பிரேக் பூஸ்டர் சாப்பிடுவது இன்ஜினின் வாக்குவம். வால்வுகளை நீண்ட நேரம் திறந்து வைக்கும் கேம் போட்டால் ஐடிலில் வாக்குவம் குறையும். பூஸ்டர் பட்டினி கிடக்கும், உன் கால் தனியாக உழைக்கும். இன்ஜினில் கைவைத்தவன் பிரேக்கைத் தொடவே இல்லை என்று சொல்லமுடியாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். வாக்குவம் கேஜ் வைத்து அள. பழைய கேமைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தால் மாட்டிவிடு.

கேள்வி: இப்படி மாற்றிக் கட்டிய வண்டியை போலீஸ் பிடிக்குமா?
(ஜெயங்கொண்டம்)

சட்டம் இருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பிலிருந்தும் ஆர்.சி. விவரத்திலிருந்தும் வண்டி மாறக்கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதையே உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதே வகை இன்ஜின் மாற்றுவதென்றால் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்றவேண்டும்.

நான் கடுமையாகவே சொல்கிறேன்: 800-க்குள் 1,298 சிசி எஸ்டீம் இன்ஜினைத் திணித்துவிட்டு, பழைய பிரேக்கோடு பள்ளிக்கூட வாசலைக் கடக்கும் பையனுக்கு நான் ஸ்பேனர் எடுத்துக்கொடுக்கமாட்டேன். கம்பெனி அளவிலேயே புது பேட், புது ஷூ, புது ஃப்ளூயிட், நல்ல டயர் போட்டுப் பார். அதுவே பெரும்பாலான பழைய வண்டிகளுக்கு மறுபிறவி. வேகம் வேண்டுமா, இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் ரேஸ் டிராக் இருக்கிறது, அங்கே போ.

கேள்வி: நம் ஊர்க்காரர் யாராவது இந்த 800 இன்ஜினை வைத்துப் பெரிதாகச் செய்திருக்கிறாரா?
(தஞ்சாவூர்)

கோவை கரிவரதன். 1980-களின் இறுதியில் இதே 800 இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார் கட்டினார், ஃபார்முலா மாருதி என்று பெயர். விலை உயர்ந்த வெளிநாட்டு வண்டி இல்லாமலேயே நம் பிள்ளைகள் ரேஸ் பழக வழி செய்தார். 2005-இல் ஃபார்முலா 1 ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் பழகியது அந்த வகைக் காரில்தான். கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் மறைந்தார். கோவை செட்டிப்பாளையம் டிராக் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதே கோவையில் அவருக்கு முன்பே ஜி.டி.நாயுடு, ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, பிரித்துப் பிரித்து மாட்டியே தொழில் கற்றார். வீட்டு வாசலில் பிரித்துப் பழகுவது நம் மண்ணில் மதிப்பான பழக்கம்.

கேள்வி: மாற்றிய பழைய ஆயிலை என்ன செய்வது? வாய்க்காலில் விட்டால் கொசு ஒழியும் என்கிறார்களே?
(வெற்றியூர்)

வாய்க்காலின் வழியே அது ஏரிக்குப் போகும். நமக்குப் பக்கத்தில் இருப்பது கரைவெட்டி. 2024-இல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் ஏறிய ஏரி. இமயத்தைத் தாண்டி வரித்தலை வாத்து வந்து இறங்கும் தண்ணீர் அது. அதன் இறகில் உன் இன்ஜின் கசடு ஒட்டவேண்டுமா? கேனில் அடைத்து, பழைய ஆயில் எடுக்கும் வியாபாரியிடம் கொடு.

கேள்வி: என் மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு ஸ்கூட்டரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். உறவுக்காரர்கள் சிரிக்கிறார்கள். தடுக்கவா?
(ஒரு தாய், திருமானூர்)

சேர்த்தும் மாட்டுகிறாளா அம்மா? மாட்டுகிறாள் என்றால் ஸ்பேனர் செட் வாங்கிக் கொடுங்கள். ஐ.டி.ஐ.யில் மோட்டார் வாகன மெக்கானிக் இரண்டு வருடப் படிப்பு இருக்கிறது; பெண்கள் சேரலாம். மாட்டத் தெரியவில்லை என்றால் சனிக்கிழமை ஷெட்டுக்கு அனுப்புங்கள், என் வீட்டுக்காரியும் அங்கேதான் இருப்பாள்.

கேள்வி: தண்ணீர் ஓடும் தரைப்பாலத்தைக் கடந்ததும் பிரேக் பிடிக்கவில்லை. பயந்துவிட்டேன்.
(ஏலாக்குறிச்சி)

டிரம்முக்குள் தண்ணீர். கரையேறியதும் மெதுவாகப் போய்க்கொண்டே இலேசாக மிதித்துப் பிடியுங்கள், சூட்டில் காய்ந்துவிடும். பிடிப்பு திரும்பும்வரை வேகம் வேண்டாம். வெள்ளம் ஓடும் தரைப்பாலத்தில் அடுத்தமுறை இறங்காதீர்கள்.

கேள்வி: கட்டி முடித்த இன்ஜினை முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போது நீங்கள் என்ன செய்வீர்கள்?
(மூன்றாவது தடவையாக, கீழப்பழுவூர் மாணவர்)

பிளக்கைக் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை செல்ஃப் அடிப்பேன். விட்டு விட்டு, மோட்டார் சூடாகாமல். அப்புறம் பிளக்கை மாட்டி, 1-3-2 வரிசையில் வயரைச் சரிபார்த்து, ஸ்டார்ட் செய்வேன். ரேடியோவை நிறுத்திவிட்டு, பேச்சை நிறுத்திவிட்டு, ஐந்து நிமிடம் காது மட்டும். ஒழுகல் எங்கே, தட்டல் எங்கே. நெடுநேரம் ஐடிலில் விடமாட்டேன், புது ரிங் சுமையில்தான் போரோடு பழகும். அணைத்து, தண்ணீரும் ஆயிலும் பார்த்து, மறுபடி எடுத்து, திருவையாற்றுப் பக்கம் ஒரு நடை. வேகத்தைக் கூட்டியும் குறைத்தும், அதிகம் முறுக்காமல். 500 கி.மீ. ஆனதும் முதல் ஆயிலை மாற்றிவிடுவேன்.

ஆனால் ஷெட் வாசலைத் தாண்டியதும், கொள்ளிடம் பாலம் ஏறும் முன்பே, இரண்டு தடவை பிரேக் மிதித்துப் பார்த்துவிடுவேன்.